பெரியம்மாவின் மீன் பலகையும் ஒரு சுக்கானும்

போன பங்குனி மாதம் உவரிக் கரையில் நின்றவர்கள், ஒரு சின்ன வள்ளம் கடலில் சும்மா வட்டம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கலாம். அதில் இரண்டு பேர் இருந்தோம். ஒருவர் பாயின் அடிக்கழி மண்டையில் இடிக்காமல் இருக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இன்னொருவன் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தான். ஸ்பேனர்காரன் நான்.

சொந்த ஊரே உவரிதான். அப்பா, பெரியப்பா எல்லாம் கட்டுமரத்தில் பாய் விரித்துப் போன ஆட்கள். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலைக்குப் போனவன். 11 வருடம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து புகுந்து வருகிற காற்றுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. காற்றாலையின் உச்சியில் என் தொப்பி பறந்திருக்கிறது, ஒரு தடவை சாப்பாட்டுப் பொட்டலமும்.

பெரியப்பாவுக்கு வலது தோளில் வலி. மகன்கள் வளைகுடாவுக்குப் போனபிறகு என்ஜின் படகை விற்றுவிட்டு, 18 அடி நீளமுள்ள பழைய பைபர் வள்ளம் ஒன்றை வாங்கி, அதில் ஒரு மரம் நட்டு, பாய் கட்டி, தனியாகப் போய்வந்துகொண்டிருந்தார். படகு ஓட ஓடப் பின்னால் இழுபட்டு வரும் தூண்டில். சீலா கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டாலும் போவார். ஒரு கை சுக்கானில், ஒரு கை தூண்டிலில். மீன் பிடித்துவிட்டால் இரண்டு கையும் தூண்டிலுக்கு வேண்டும். சுக்கானை விட்ட அடுத்த நிமிடம் வள்ளம் காற்றுக்கு நேராக மூக்கைத் திருப்பிக்கொண்டு, பாய் படபடவென்று அடிக்கத் தொடங்கிவிடும்.

ஒருநாள் கேட்டார்: "அத்தாம் பெரிய காத்தாடியத் திருப்புத. இந்தச் சுக்கான ஒரே நேராப் புடிக்க ஒரு வழி பண்ண மாட்டியால?"

கூட வேலை பார்த்த தம்பி ஒருவன் உடனே ஒரு சர்க்யூட் வரைந்து கொடுத்தான். சின்ன மோட்டார், ஜிபிஎஸ், பேட்டரி. நல்ல பையன், ஆனால் அலையில் தள்ளிக் கரையேற்றுகிற வள்ளத்தை அவன் பார்த்ததில்லை. உப்புத்தண்ணீர் ஒரு கனெக்டரை எத்தனை நாளில் பச்சையாக்கும் என்பது எனக்குத் தெரியும். மின்சாரமே இல்லாமல், காற்றையே சுக்கானியாக்குகிற பழைய வழி ஒன்று இருக்கிறது என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. அதைத் தேடிப் போனேன்.

அமெரிக்காவின் ஜோசுவா ஸ்லோக்கம் 1895 முதல் 1898 வரை ‘ஸ்ப்ரே’ என்ற படகில் தனியாக உலகைச் சுற்றினார். தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி எதுவும் கிடையாது. சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டுத் தூங்கினார். இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுக்கு 2,700 மைல், 23 நாள். அதில் தான் சுக்கான் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை என்று எழுதியிருக்கிறார். அவர் படகு நீளமான அடிக்கட்டை கொண்டது, ரயில் மாதிரி ஒரே திசையில் போகும். எங்கள் வள்ளம் குட்டையானது, அடி தட்டையானது. கட்டிவிட்டால் கேட்காது.

கருவி வைத்து ஓட்டுவதைப் பெரிய அளவில் நிரூபித்தது 1960-ல் நடந்த ஒரு போட்டி. இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு, படகுக்கு ஒரே ஆள். அந்தப் போட்டிக்கு யோசனை சொன்னவர் பிளாண்டி ஹாஸ்லர். 1942 டிசம்பரில் சின்னத் தோணிகளில் துடுப்புப் போட்டுப் போய், பிரான்சின் போர்டோ துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கு வெடி வைத்த குழுவின் தலைவர் அவர்தான். அட்லாண்டிக்கில் தனியாளாக ஒருவர் இரவும் பகலும் சுக்கான் பிடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். காற்றால் இயங்கும் சுக்கான் கருவியைத் தானே செய்தார். போட்டியில் ஐந்தே படகுகள். 40 நாளில் முதலாவதாக வந்த பிரான்சிஸ் சிசெஸ்டர், தன் கருவிக்கு மிராண்டா என்று பெயர் வைத்திருந்தார். ஹாஸ்லர் இரண்டாவது.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1968-69-ல் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி முடித்த முதல் தனியாளான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’ பம்பாயில் கட்டிய தேக்குப் படகு. அதன் காற்றுக் கருவி பாதி வழியில் உடைந்துபோனது; மீதி தூரத்தைப் பாய்களைச் சமன் செய்தே ஓட்டினார், மொத்தம் 312 நாள். அந்தக் காலத்துச் சாதனங்களை மட்டுமே வைத்து ஓட்ட வேண்டும் என்ற விதியோடு அதே பயணத்தை இப்போது மறுபடி போட்டியாக நடத்துகிறார்கள். அதில் நம் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி 2018-ல் தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் ஒடிந்து, முதுகு அடிபட்டு, மீட்கப்பட்டார். திரும்பவும் 2022-ல் கிளம்பி 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். பேட்டரியில் ஓடும் சுக்கானுக்கு அங்கே அனுமதி கிடையாது.

கடையில் வாங்கும் கருவி பல லட்சம். வள்ளத்தின் விலையைவிட அதிகம். சரி, வள்ளியூரில் லேத் பட்டறை இருக்கிறது, வீட்டில் பழைய சைக்கிள் இருக்கிறது என்று இறங்கினேன்.

முதலில் செய்தது படுமுட்டாள்தனம். ஒரு பலகையைச் செங்குத்தான கம்பியில் மாட்டி, அதன் அசைவைக் கயிறு வழியாக நேராகச் சுக்கான் பிடிக்கே கொண்டுபோனேன். காற்று பலகையைத் திருப்பும், பலகை சுக்கானைத் திருப்பும், அவ்வளவுதானே? பலகை திரும்பவே இல்லை. கயிற்றை அவிழ்த்தால் அழகாகத் திரும்பியது.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று, இரண்டடிக்கு ஒன்றேமுக்கால் அடிப் பலகையின் முழு முகத்தில் அடித்தால்கூடத் தள்ளும் விசை ஏறக்குறைய அரைக் கிலோ. ஐந்து டிகிரி சாய்வில் அடிக்கும்போது அதில் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் வள்ளம் மணிக்கு ஏழு கிலோமீட்டரில் போகும்போது, அந்தப் பலகையில் ஆறில் ஒரு பங்கே உள்ள ஒரு துண்டைத் தண்ணீருக்குக் குறுக்கே பிடித்தால் பத்துக் கிலோ தள்ளும். காற்றைவிடத் தண்ணீர் எண்ணூறு மடங்குக்குப் பக்கம் கனமானது என்பதால் வருகிற வித்தியாசம். அதனால் காற்று உழைக்கத் தேவையில்லை, எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும். உழைப்பைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். ஹாஸ்லர் இதற்காகப் படகின் பின்னால் ஊசல்போல ஆடும் ஒரு துடுப்பைத் தண்ணீரில் தொங்கவிட்டார். காற்றுப்பலகை அந்தத் துடுப்பை லேசாகத் திருகும். ஓடுகிற தண்ணீர் அதைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளும். அந்த ஆட்டம் கயிறு வழியாகச் சுக்கானை இழுக்கும். பெரிய படகுகளில் இன்றும் இதுதான் அதிகம்.

எங்களுக்கு அதைவிட எளிய வழி ஒன்று இருந்தது. சுக்கானின் பின்விளிம்பில் கீல் வைத்து ஒரு குட்டிச் சுக்கான். அதை இடது பக்கம் திருப்பினால் தண்ணீர் அதை வலது பக்கம் தள்ளும், அந்தத் தள்ளலில் பெரிய சுக்கானே வலது பக்கம் போகும். விமானத்தின் இறக்கையிலும் இதே சமாச்சாரம் உண்டு. பிரெஞ்சுக்காரர் பெர்னார் மோய்த்தெசியே, நாக்ஸ்-ஜான்ஸ்டன் போன அதே 1968 போட்டியில் இப்படி ஒரு குட்டிச் சுக்கானோடுதான் போனார். பெரியப்பா அதற்கு வால் என்று பெயர் வைத்தார். நானும் அப்படியே சொல்கிறேன்.

வாலுக்குப் பெரியம்மாவின் மீன் வெட்டும் பலகை. வெள்ளை பிளாஸ்டிக், ஊறாது, உளுக்காது, ரம்பத்துக்கு வெண்ணெய் மாதிரி. கேட்டுத்தான் எடுத்தேன் என்று சொல்ல ஆசை. காற்றுப்பலகை கனமாக இருக்கக் கூடாது என்பதால் அலுமினியச் சட்டத்தில் ஃப்ளெக்ஸ் துணி இழுத்துக் கட்டினேன். தெருவில் ஒரு காதுகுத்து விழா முடிந்து பேனர் சும்மா கிடந்தது. கரெக்டாக வெட்டியும், குழந்தையின் முகம் பாதி அதில் வந்துவிட்டது. பேனர் கட்டுகிற சட்டத்தை ஊரில் தட்டி என்பார்கள்; அதனால் அந்தப் பலகையும் தட்டி ஆனது. சைக்கிளின் முன்சக்கர ஹப்தான் பேரிங். தட்டியின் எடையைச் சமன்செய்ய எதிர்ப்பக்கம் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள். படகு சாயும்போது தட்டி தன் எடையால் ஒரு பக்கம் விழக் கூடாது, காற்றுக்கு மட்டும்தான் அசைய வேண்டும். ஈயத்தை ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்துச் சரிசெய்யவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

பெரியப்பா வந்து பார்த்தார். "ஏல, காத்து எங்கேருந்து வருதுன்னு பாக்கத் தட்டி எதுக்குல? காது இருக்குல்லா."

அவர் சொன்னது வேடிக்கையல்ல. இருட்டில் பாய் ஓட்டுகிறவர்கள் முகத்தை லேசாக ஆட்டிப் பார்ப்பார்கள். இரண்டு காதிலும் காற்றின் இரைச்சல் ஒரே மாதிரி கேட்டால் மூக்கு காற்றுக்கு நேர். எந்தத் திசைக் காற்று, கச்சானா, சோழகமா, கொண்டலா என்பது அவருக்குப் பிடரியில் தெரியும்.

தட்டியை வாலின் கம்பி உச்சியிலேயே நேராக மாட்டினேன். மோய்த்தெசியே செய்த மாதிரி, இடையில் எதுவும் இல்லாமல். உபயோகிப்பது சுலபம்: வள்ளத்தைக் கையால் வேண்டிய திசையில் பிடித்து, பாயைச் சரிசெய்துவிட்டு, தட்டியைக் காற்றோடு தானாக நிற்கவிட்டு, திருகை இறுக்க வேண்டும். அதன்பிறகு வள்ளம் விலகினால் தட்டி பழைய திசையிலேயே நிற்கப் பார்க்கும், வால் திரும்பும், சுக்கான் எதிர்ப்பக்கம் போய் வள்ளத்தைத் திருப்பிக் கொண்டுவரும்.

கொண்டுவந்தது. அப்புறம் தாண்டிப் போனது. பிறகு மறுபக்கம் தாண்டியது. பின்னால் பார்த்தால் நுரைக்கோடு சாரைப்பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. பெரியப்பா எதுவும் சொல்லாமல் வெற்றிலை மடித்தார், அதைவிடப் பேசியிருக்கலாம்.

இதற்குக் காரணம் எனக்கு இரண்டு வாரம் பிடிபடவில்லை. பிடிபட்டது கடலில் இல்லை, 80 மீட்டர் உயரத்தில். காற்றாலையின் தலைமேல் ஒரு சின்னக் காற்றுக்காட்டி இருக்கும். அது ஒவ்வொரு நொடியும் அசையும். அந்த அசைவுக்கெல்லாம் தலையைத் திருப்பினால் ஒரே மாதத்தில் பல்சக்கரம் தேய்ந்துவிடும். அதனால் கன்ட்ரோலர் கொஞ்ச நேரத்துச் சராசரியை எடுத்து, சின்ன வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டு, பெரிதாக விலகினால்தான் மோட்டாரைப் போடும். நேரே வந்ததும் நிறுத்தும். திருப்புவதற்குள்ள அளவு கவனம் நிறுத்துவதற்கும் இருக்கிறது. என் வாலுக்கு நிறுத்தச் சொல்ல ஆளே இல்லை. அதைவிட மோசம்: சுக்கான் வலது பக்கம் போகிறது, தட்டியோ காற்றோடு நிற்கிறது, தட்டியோடு ஒட்டிய வாலுக்கும் சுக்கானுக்கும் இடையில் கோணம் இன்னும் கூடுகிறது. கூடக்கூடத் தண்ணீர் இன்னும் தள்ளுகிறது. போதும் என்ற இடத்தில் ‘இன்னும் போ’ என்று சொல்லும் ஏற்பாட்டை நானே செய்து வைத்திருந்தேன்.

மாற்றினேன். தட்டியை வாலிலிருந்து பிரித்து, வள்ளத்தின் பின்பலகையில் தனித் தூணில் நிறுத்தினேன். சுக்கான் எந்த அச்சில் திரும்புகிறதோ அதே அச்சுக்கு மேலே ஒரு கப்பி, தட்டியின் அடியில் அதே அளவில் இன்னொரு கப்பி, இரண்டையும் சுற்றி ஒரு கயிறு. சுக்கானின் மேலுள்ள கப்பியிலிருந்து பின்பக்கமாக ஒரு குட்டைக் கை; அதன் முனையிலுள்ள ஆணி, வாலிலிருந்து முன்னால் நீளும் கையின் பிளவுக்குள் நிற்கும். இப்போது சுக்கான் திரும்பத் திரும்ப, ஆணி நின்ற இடத்திலேயே நிற்பதால், வால் தானாக நேராகி, தள்ளுவதை நிறுத்திவிடும். மேசையில் கையால் ஆட்டிப் பார்த்தபோது அவ்வளவு திருப்தி. இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்காரியை எழுப்பிக் காட்டினேன். ‘நல்லாருக்கு’ என்றாள், கண்ணைத் திறக்காமல்.

மறுநாள்தான் அந்த வட்டம்.

அலை உடைகிற இடத்தைத் தாண்டி, பாய் ஏற்றி, திருகை இறுக்கிக் கையை எடுத்தேன். வள்ளம் காற்றுப் பக்கம் லேசாக விலகியது. தட்டி அசைந்தது, வால் அசைந்தது, சுக்கான் அசைந்தது. வள்ளம் இன்னும் வேகமாக அதே பக்கம் திரும்பி, காற்றைத் தாண்டி, பாய் மறுபக்கம் விழுந்து, கழி பெரியப்பாவின் தலைக்கு ஒரு சாண் மேலே போனது. நிற்காமல் இன்னொரு சுற்று. கப்பிகளை நேராக இணைத்ததில் திசை தலைகீழாகிவிட்டிருந்தது. மோய்த்தெசியே முறையில் வாலே தட்டியோடு திரும்பியதால் சரியாக இருந்த திசை, நடுவில் கையும் ஆணியும் வந்ததும் மாறிவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஸ்பேனர் கிடைத்தது. அதற்குள் பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கயித்த எட்டுப் போட்டுச் சுத்துல" என்றார். அவ்வளவுதான். இரண்டு கப்பிக்கும் நடுவில் கயிற்றைக் குறுக்காக மாற்றிச் சுற்றினால் ஒன்று வலது போனால் மற்றது இடது போகும். கடலிலேயே, ஆடிக்கொண்டே, பத்து நிமிடத்தில் மாற்றினோம்.

அதன்பிறகும் சும்மா ஓடவில்லை. வள்ளம் காற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. வால் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து திணறியது. நான் கப்பியின் அளவை மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். பெரியப்பா பாய்க்கயிற்றை ஒரு முழம் தளர்த்தினார். முன்னால் கிடந்த தண்ணீர்க் கேனைப் பின்னால் இழுத்து வைத்தார். வால் நடுவுக்கு வந்து நின்றது. வள்ளம் தானே ஏறக்குறைய நேராகப் போகும்படி பாயையும் பாரத்தையும் வைத்த பிறகுதான் இந்தக் கருவிகள் மிச்ச வேலையைச் செய்யும். கட்டுமரத்தில் வளர்ந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

கடல்காற்று தென்கிழக்கிலிருந்து, மணப்பாட்டை நோக்கி வலது விலாவில் வாங்கிக்கொண்டு போனோம். நான் சுக்கானைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு அலை பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பும். தட்டி லேசாகத் தலையாட்டும். சுக்கான் இரண்டு விரற்கடை போய், வந்து நிற்கும். அந்த ‘வந்து நிற்கும்’ இடத்தைப் பார்க்கத்தான் இத்தனை மாதம். பின்னால் நுரைக்கோடு கோணலாக இருந்தாலும் பாம்பாக இல்லை. பெரியப்பா இரண்டு கையாலும் தூண்டிலில் தகடு கட்டினார். ஒரு தடவைகூடச் சுக்கானைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தைதான் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு கண்ணால்.

அரைமணி நேரம் கழித்து அவர்தான் தலையைத் தூக்கினார். "என்னல, கொழும்புக்கா?"

கரை தூரமாகியிருந்தது. மணப்பாட்டுக்கு நேராக இருக்க வேண்டிய மூக்கு வெறுங்கடலைப் பார்த்தது. கருவியில் பழுது எதுவும் இல்லை. காற்று தென்கிழக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே திரும்பியிருந்தது. தட்டிக்குக் காற்றோடுள்ள கோணம்தான் தெரியும், மணப்பாடு தெரியாது. காற்று திரும்பினால் வள்ளமும் கூடவே திரும்பும். வளைவு மெதுவாக இருப்பதால் உடம்புக்குத் தெரியாது. கரையில் இரண்டு அடையாளத்தை வைத்து அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்லோக்கம் போன கடலில் காற்று வாரக்கணக்கில் ஒரே திசையில் வீசும், எங்கள் கடல்காற்று மத்தியானத்துக்குள்ளேயே மனம் மாறும்.

இன்னொன்றை நான் யோசித்ததே இல்லை, பெரியம்மாதான் கேட்டார்: "இந்த மனுசன் தவறி விழுந்தா வள்ளம் நிக்குமா?" நிற்காது. சுக்கான் பிடிக்க ஆள் இல்லாத வள்ளம் குழம்பி நின்றுவிடும்; நான் கருவி மாட்டிய வள்ளம் ஆளை விட்டுவிட்டு ஒழுங்காகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் இப்போது பின்னால் 15 மீட்டர் கயிறு ஒன்று மிதப்புக் கட்டி இழுபட்டுக்கொண்டு வருகிறது. அதன் மறுமுனை அந்த ஆணியைப் பிடித்திருக்கும் கொக்கியில். விழுந்தவர் அதைப் பிடித்துத் தொங்கினால் ஆணி கழன்று, வால் சும்மாவாகி, வள்ளம் தன் பழைய குணத்தோடு காற்றுக்கு முகம் திருப்பி நின்றுவிடும். இதை நானே குதித்துச் சோதித்தேன், பக்கத்தில் இன்னொரு படகை நிறுத்திக்கொண்டு. இரண்டு தடவை வேலை செய்தது. மூன்றாவது தடவை கொக்கி சிக்கியது. கொக்கியை மாற்றிய பிறகும் பெரியப்பா இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டுதான் போகிறார், அதுவும் பெரியம்மாவின் உத்தரவு.

பின்னாலிருந்து மெல்லிய காற்று வீசும்போது இந்தக் கருவி தூங்கிவிடுகிறது. வள்ளமும் காற்றும் ஒரே திசையில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனால் தட்டியில் படுவதற்குக் காற்றே மிஞ்சுவதில்லை. தட்டியைச் செங்குத்தாக வைக்காமல், கிடைமட்ட அச்சில் சாய்ந்து விழும்படி வைத்தால் சின்னக் காற்றுக்கும் நன்றாகக் கேட்கும். பிரான்சின் மார்செல் ஜியானோலி அந்த வகையைச் செய்து காட்டியிருக்கிறார். அடுத்தது அதைத்தான் செய்ய வேண்டும்.

இப்போது ஆடி. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. பாய் வள்ளம் இறக்குகிற காலமில்லை. தட்டியைக் கழற்றி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன், குழந்தையின் பாதி முகம் வருகிறவர்களைப் பார்க்கிறது. வாலைப் பெரியம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டார். கீலுக்காக நான் போட்ட நான்கு ஓட்டையும் அதில் அப்படியே இருக்கிறது; நேற்று அதன்மேல் வைத்துத்தான் சாளை ஆய்ந்துகொண்டிருந்தார். புரட்டாசியில் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், புதுப் பலகை வாங்கிக் கொடுத்தால்.